உழவு இயந்திரத்துக்குத் தூக்குங் கருவி பூட்டுதல்

உழவு இயந்திரத்தை 'மிசின்' என்று அழைப்பதே கிழக்குக் கரையோர மக்களின் வழக்கம். நிந்தவூரிலோ சம்மாந்துறையிலோ அக்கரைப்பற்றிலோ ஒருவர் மிசின் வைத்திருக்கின்றார் என்றால், அவர் வயலை உழுகின்றவர் என்று மட்டும் பொருள்கொள்ளுதல் போதாது. பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்குமாக உழவு நடைபெறுங் காலத்தைக் கூட்டிப் பார்த்தால், ஆண்டில் அது சில வாரங்களே. எஞ்சிய மாதங்களில் அதே இயந்திரம் மணல் ஏற்றுகின்றது, கிறவல் ஏற்றுகின்றது, செங்கல்லும் விறகும் ஏற்றுகின்றது, அறுவடை முடிந்தவுடன் நெல்மூடைகளை வீட்டுக்கும் ஆலைக்கும் கொண்டு செல்கின்றது. அதனை வாங்குவதற்குப் பெற்ற லீசிங் கடனின் தவணையோ மாதந்தவறாது கட்டவேண்டியது. பெட்டியிலுள்ள மணலை மண்வெட்டியால் அள்ளி இறக்கிக்கொண்டிருந்தால், நாளொன்றுக்கு இத்தனை நடைதான் என்று ஓர் எல்லை வந்துவிடுகின்றது. பெட்டி தானாகவே நிமிர்ந்து மணலைக் கொட்டுமாயின் அந்த எல்லை அகலும். இறக்கு கூலியும் மிஞ்சும். ஆதலினாற்றான், சாதாரணப் பெட்டியை டிப்பர் பெட்டியாக மாற்றும் எண்ணம் இயந்திரச் சொந்தக்காரர் பலருக்கும் உண்டாகின்றது.

எண்ணம் உண்டானவுடன் ஒரு வினாவும் உண்டாகின்றது. தூக்குங் கருவியைப் பூட்டும் வேலையை இயந்திரம் விற்ற முகவரிடம் ஒப்படைப்பதா? அன்றி, உதிரிப்பாகங்களைக் கடையில் வாங்கி நாமே பூட்டிக்கொள்வதா? 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி வீழ்ந்து, இறக்குமதிப் பாகங்களின் விலை ஏறியதன் பின்னர் இவ்வினா முன்னிலும் கூர்மையாகிவிட்டது. தேநீர்க்கடைகளில் இதைப்பற்றி வாதாடுவோர் பெரும்பாலும் விலையையே பேசுவர். முகவர் கேட்கும் தொகை இவ்வளவு, நாமே செய்தால் அதிற் பாதி என்பதோடு அவ்வாதம் முடிந்துவிடும்.

விலையை வைத்து இதனைத் தீர்ப்பது தவறு என்பது எனது கருத்து. தூக்குங் கருவி பூட்டுதல் என்று ஒரு பெயரால் நாம் சொல்வதற்குள் நான்கைந்து வேறு வேறு வேலைகள் அடங்கியுள்ளன. அவற்றுட் சிலவற்றைப் பொறுமையும் கைச்சுத்தமும் உடைய எவரும் செய்யலாம். வேறு சிலவற்றையோ, அளவுகருவியும் அந்த இயந்திரத்துக்கென அச்சிட்ட கைந்நூலும் உடையவர் மாத்திரமே செய்தல் வேண்டும். இரண்டையும் பிரிக்கின்ற கோடு எங்கே செல்கின்றது என்பதைத்தான் இங்கு ஆராய விரும்புகின்றேன். இதைச் சொல்பவன் பொறியியலாளன் அல்லன். கலைத்துறையிற் பட்டம் பெற்றவன். எனினும், இவ்விடயத்தின் அடிப்படை பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்துக்கு அப்பாற்பட்டதன்று.

அடைபட்ட திரவம் ஒன்றின் ஓரிடத்தில் அமுக்கத்தைப் பிரயோகித்தால், அவ்வமுக்கம் குறையாது எல்லாப் பக்கங்களுக்கும் சென்று சேரும் என்பது பஸ்காலின் விதி. பிரான்சு நாட்டு அறிஞராகிய பிளெய்ஸ் பஸ்கால் இதனை எழுதி வைத்த நூல், அவர் இறந்ததற்கு அடுத்த ஆண்டாகிய 1663 இல் வெளிவந்தது. அதன்பின் நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தே, 1795 ஆம் ஆண்டில், இங்கிலாந்தைச் சேர்ந்த யோசப் பிராமா என்பவர் இவ்விதியைக் கொண்டு இயங்கும் அமுக்கப் பொறிக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். இன்று கராச்சுகளில் 'ஹைட்ரோலிக்' என்று வழங்குவது இதுவே. பம்பி எண்ணெயைத் தள்ளுகின்றது. குழாய் அதைக் கொண்டுசெல்கின்றது. உருளைக்குள் இருக்கும் முசலத்தை எண்ணெய் வெளியே தள்ளுகின்றது. உருளையையும் முசலத்தையும் சேர்த்துப் பட்டறையில் 'ஜெக்' என்பர்.

இதன் வலு எத்தகையது என்பதை ஒரு சிறு கணக்கினால் அறியலாம். முசலத்தின் விட்டம் 10 சென்ரிமீற்றர் என்று கொள்வோம். அதன் முகப்பரப்பு ஏறத்தாழ 78½ சதுர சென்ரிமீற்றர். எண்ணெயின் அமுக்கம் சதுர சென்ரிமீற்றருக்கு 150 கிலோகிராம் என்றால், முசலம் தள்ளும் விசை 11¾ தொன்னுக்குச் சமமாகின்றது. ஒரு கியூப் மணல் என்பது 100 கன அடி. அதன் நிறை ஈரத்துக்கு ஏற்ப 4½ தொன் முதல் 5½ தொன் வரை நிற்கும். பெருவிரல் பருமனேயுள்ள ஒரு குழாயின் வழியாகச் சென்ற எண்ணெய், அதனைப்போல் இருமடங்குப் பாரத்தைத் தள்ளவல்லது. அக்குழாய் எங்காவது விட்டுக்கொடுத்தால் அவ்வலு எங்கே போகும் என்பதையும் உடனே எண்ணிப் பார்த்தல் நன்று.

இவ்வலுவை உழவு இயந்திரத்தினுள் கொண்டுவந்து சேர்த்தவர் ஹரி பெர்குசன். அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் 1884 ஆம் ஆண்டு ஓர் உழவர் குடும்பத்திற் பிறந்தவர். 1909 இல் தாமே செய்த விமானத்தில் தாமே பறந்தவர். முதலாம் உலகப்போர்க் காலத்து உழவு இயந்திரங்கள் கலப்பையைச் சங்கிலியால் இழுத்துச் சென்றன. கலப்பை கல்லில் மாட்டிக்கொண்டால் சில்லு மேலும் சுழல முயலும், முன்பக்கம் கிளம்பும், இயந்திரம் பின்னோக்கிப் புரண்டு ஓட்டுநரை நசுக்கிவிடும். பெர்குசன் கலப்பையை மூன்று புள்ளிகளில் இயந்திரத்தோடு இணைத்தார். கலப்பை மாட்டிக்கொள்ளுந்தோறும் மேலிணைப்புத் தண்டு இயந்திரத்தின் முன்பக்கத்தைக் கீழ்நோக்கி அழுத்தும்படி அதனை அமைத்தார். எண்ணெய்ப் பம்பி கலப்பையைத் தூக்கியது மட்டுமன்றி, அதன் ஆழத்தையும் தானே காத்தது. 1926 இல் இதற்கு உரிமை பெற்று, 1936 இல் முதல் இயந்திரங்களை விற்று, 1938 இல் ஹென்றி போர்டுடன் எழுத்து மூலமான ஒப்பந்தம் எதுவுமின்றிக் கைகுலுக்கி உடன்பாடு செய்து, பின்னர் அவரது நிறுவனத்துடனேயே வழக்காடிய அவருடைய கதை தனியாகச் சொல்லத்தக்கது. இங்கிலாந்தின் கொவென்றி நகரில் 1946 முதல் 1956 வரை செய்யப்பட்ட அவரது சாம்பல்நிறச் சிற்றியந்திரங்களின் தொகை ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டது.

நமது பகுதியிலும் அக்காலத்திலேதான் மாறுதல் தொடங்கிற்று. 1949 ஆம் ஆண்டில் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு, இங்கினியாகலையில் அணை எழுந்து, சேனாநாயக்க சமுத்திரத்தின் நீர் வயல்களுக்கு வந்தது. எருமைகளை விட்டுச் சேறு மிதிப்பித்த நிலங்களில் படிப்படியாக இயந்திரம் இறங்கியது. பெர்குசனின் மரபில் வந்த மாசி பெர்குசன் 35, 135, 240 என்னும் இலக்கங்களைச் சொன்னால் நம் ஊர்ச் சிறுவர்களுக்கும் விளங்கும். அந்த மரபின் ஓர் இயல்பு நமது வினாவோடு நேரே தொடர்புடையது. அதனை இனிச் சொல்கின்றேன்.

இவ்வியந்திரங்களில் எண்ணெய்ப் பம்பி வெளியே இருப்பதில்லை. கியர்ப்பெட்டிக்குப் பின்னால், உடலின் உள்ளே, எண்ணெயில் மூழ்கியபடி இருக்கின்றது. கியர்ப் பற்களுக்கும் பின்னச்சுக்கும் உயவாக நிற்கும் எண்ணெயே தூக்குங் கைகளை உயர்த்தும் எண்ணெயுமாகும். டிப்பர் பெட்டியைப் பூட்டினால், பெட்டியின் ஜெக்கை நிரப்புவதும் அதே எண்ணெய்தான். முன் சொன்ன 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள முசலம் ஒரு மீற்றர் நீளம் வெளிவந்தால், அது உண்ணும் எண்ணெய் 7 லீற்றருக்கு மேல். 8 லீற்றருக்குச் சற்றுக் குறைவு. பெட்டி உயர்ந்து நிற்கும்போது அவ்வளவு எண்ணெய் கியர்ப்பெட்டியில் இல்லை என்பது கருத்து. பூட்டிய அன்றே எண்ணெயை அளந்து ஈடுசெய்யாதவர், பெட்டி பாதியில் நின்றுவிடுகின்றது என்று பம்பியைக் குறை கூறுவர். ஈடுசெய்வதிலும் கவனம் வேண்டும்: பெட்டி தாழ்ந்திருக்கையில் அளவுக் கம்பி காட்டும் எல்லையை மீறி ஊற்றினால், எண்ணெய் பின்னச்சின் சீல்களைத் தேடிச் செல்லும். அந்த இயந்திரம் வெளிக்கருவிக்கு எத்தனை லீற்றர் கொடுக்கலாம் என்பது கைந்நூலில் இருக்கும். அதற்கு ஏற்ற ஜெக்கை வாங்குவதே முறை.

மற்றொரு விளைவும் உண்டு. சேற்று வயலில் அச்சளவு நீரில் நின்று உழுத இயந்திரம் அது. பழைய ஜெக் ஒன்றை மலிவாக வாங்கிக் கழுவாமற் பூட்டினால், அதனுள் இருந்த துருவும் நீரும் நேரே கியர்ப்பெட்டிக்குள் இறங்கும். எண்ணெய் பாற்சாயம் போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது என்று அறிக. வேறு அமைப்புடைய இயந்திரங்களும் நம்மிடையே உண்டு. யப்பானிய, இந்தியச் சிற்றியந்திரங்கள் பலவற்றில் பற்சில்லுப் பம்பி எஞ்சினின் பக்கத்திலே பொருத்தப்பட்டு, எஞ்சின் ஓடும் வரையில் எண்ணெய் ஓயாது சுற்றிக்கொண்டிருக்கும். ஒருவகைக்குப் பொருந்தும் வால்வு மற்றொரு வகைக்குப் பொருந்துமென எண்ணலாகாது. கைத்தொலைபேசியிற் காணொளி பார்த்து வேலையைத் தொடங்கும் இளைஞருக்கு நான் சொல்வது இதுவே: அந்தக் காணொளியில் உள்ள இயந்திரம் உங்களுடையதுதானா என்பதை முதலிற் பாருங்கள்.

இனி, சொந்தக்காரர் தாமே செய்யத்தக்கவற்றைப் பார்ப்போம். இயந்திரத்தை ஆக்கியோர் வெளிக்கருவிக்கென்றே ஒரு வாயில் வைத்து, அதனை மூடியால் அடைத்து அனுப்பியிருந்தால், அந்த வாயிலுக்கு வெளியே உள்ள வேலைகளுட் பெரும்பாலானவை நம்முடைய கைக்குள் அடங்குவன. பெட்டியின் அடிச்சட்டத்தைப் பலப்படுத்துதல், பின்புறக் கீல்களைப் பொருத்துதல், ஜெக் நிற்கும் குறுக்குச் சட்டத்தை அமைத்தல் ஆகியவற்றில் நமது ஊர் ஒட்டுவேலைக்காரருக்கு எந்த முகவரும் ஈடாகார் என்று துணிந்து சொல்வேன். மணல் ஏற்றியிறக்கும் பெட்டி எங்கே விரியும், எங்கே வெடிக்கும் என்பதை அவர்கள் ஆண்டுதோறும் கண்டவர்கள். ஒன்றைமட்டும் நினைவூட்டல் வேண்டும். மின்னொட்டு வேலை செய்யும்போது மின்கலத்தின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். நிலக்கம்பியை ஒட்டும் இடத்துக்கு அருகிலேயே கௌவச் செய்ய வேண்டும். ஜெக்கின் பளபளப்பான தண்டை ஈரச்சாக்கினால் மூட வேண்டும். அதன்மேல் விழும் ஒரு தீப்பொறி உண்டாக்கும் சிறு மேடு, ஏறியிறங்குந்தோறும் சீலைக் கிழித்துக்கொண்டேயிருக்கும்.

குழாய் பூட்டுதலும் நாமே செய்யத்தக்கதுதான். ஆயினும் அதில் ஒரு பொறி மறைந்துள்ளது. அது புரியைப் பற்றியது. பிரித்தானியப் புரிக்குக் கோணம் 55 பாகை; அமெரிக்கக் குழாய்ப் புரிக்குக் கோணம் 60 பாகை. அரை அங்குல அளவில் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 புரிகள். ஆதலால் ஒன்று மற்றொன்றுக்குள் இரண்டு மூன்று சுற்று நன்றாகவே ஏறும். கைக்குச் சரியாய் அமைந்ததுபோல் தோன்றும். கசிவு தெரிந்ததும், வெள்ளைநாடா சுற்றி முறுக்கி இறுக்குவார்கள். அன்றைக்குக் கசிவு நிற்கும். பாரம் ஏறிய ஒரு நாளில் புரி உரிந்து குழாய் பறக்கும். அந்நாடாவின் துணுக்குகளோ வால்வுக்குள் சென்று சிக்கும். பழைய இங்கிலாந்து மாதிரி இயந்திரத்துக்கு அமெரிக்க மாதிரி வால்வைப் பூட்ட வேண்டி வந்தால், இரண்டுக்கும் இடையிலே பூட்டும் இணைப்பான் கடையிற் கிடைக்கும். அதன் விலை ஒருநாட் கூலிகூட இராது.

ஹோஸ் குழாயின் மேல் அச்சிடப்பட்ட கோடு ஒன்று நீளவாட்டில் ஓடும். பூட்டிய பின் அக்கோடு நேராக இருந்தால் குழாய் முறுகவில்லை என்று பொருள். கொடிபோற் சுற்றியிருந்தால் கழற்றித் திரும்பப் பூட்டுக. பெட்டி முழுதும் உயர்ந்த நிலையிலும், இயந்திரம் கூர்மையாகத் திரும்பிய நிலையிலும் குழாய் இழுபடாது தொங்கும் அளவுக்கு நீளம் விடல் வேண்டும். சில்லிலோ ஓடும் தண்டிலோ உரசும் அளவுக்கு விடலாகாது. குழாயின் முனை அமுக்கப் பொறியால் நசுக்கி இறுக்கப்பட்டதாக இருத்தல் வேண்டும். நீர்ப்பம்பிக் குழாய்க்கு இடும் பட்டியை இறுக்கி இதனைச் சமாளிப்போரை நான் கண்டதுண்டு. அது வீட்டுத்தோட்டத்துக்கு நீர் இறைக்கும் குழாயன்று என்பதை எவ்வாறு சொல்லி விளக்குவது!

இதுவரை சொன்னவை கோட்டுக்கு இப்பாற்பட்டவை. கோடு தொடங்குமிடம் வால்வு. எண்ணெய் ஓயாது சுற்றும் வகையான இயந்திரத்தில், பம்பியிலிருந்து புறப்பட்ட எண்ணெய் பின்புறத் தூக்குங் கைகளுக்குச் செல்லும் வழியை இடையிலே வெட்டி, புதிய வால்வு ஒன்றை நுழைக்கின்றோம் என்று வைத்துக்கொள்வோம். அவ்வால்வுக்கு எண்ணெய் வருகின்ற வாயில் ஒன்று. தொட்டிக்குத் திரும்புகின்ற வாயில் ஒன்று. அடுத்த கருவிக்கு வலுவோடு எண்ணெயைக் கடத்துகின்ற வாயில் வேறொன்று இருத்தல் வேண்டும். மூன்றாவது வாயிலைத் திறக்கும் சிறு குழலை வாங்கிப் பூட்டாமல், தொட்டிக்குத் திரும்பும் வாயிலிலிருந்தே தூக்குங் கைகளுக்கு எண்ணெயைக் கொண்டுசெல்வது நம் பட்டறைகளில் நிகழும் பிழை. வெறுமையாக ஓட்டிப் பார்த்தால் யாவும் இயங்கும். பூட்டியவரும் சம்பளம் வாங்கிச் சென்றுவிடுவார். கலப்பையை மாட்டித் தூக்கும்போது, அமுக்கத்தைத் தாங்குவதற்கென வார்க்கப்படாத அந்தப் பக்கத்தில் முழு அமுக்கமும் ஏறி, வால்வின் உடல் வெடித்துப் பிளக்கும். அதுவும் பெரும்பாலும் உழவுக்காலத்திலேதான் நடக்கும். ஏனெனில் அப்போதுதான் கலப்பைக்குப் பாரம் வருகின்றது. விதைப்புக்குத் தண்ணீர் விட்டு வட்டை முழுவதும் உழவுக்குக் காத்திருக்கும் வாரத்தில் ஒரு மிசின் நின்றுவிட்டால், அதனால் நட்டப்படுபவர் சொந்தக்காரர் ஒருவர் மாத்திரமல்லர்.

அதனினும் ஆபத்தானது காப்பு வால்வு. எண்ணெயின் அமுக்கம் குறித்த எல்லையைத் தாண்டினால் தானே திறந்து, எண்ணெயைத் தொட்டிக்கு அனுப்பிவிடும் சிறு பூட்டு அது. உள்ளே ஒரு சுருள்வில்லும் அதனை இறுக்கும் திருகாணியும் இருக்கின்றன. பெட்டி பாரத்தோடு எழும்பத் தயங்கும் வேளையில் கராச்சில் நிகழும் உரையாடல் பெரும்பாலும் இத்தகையது.

"காக்கா, பெட்டி மெதுவாத்தானே எழும்புது. வால்வில ஒரு சுத்து இறுக்கி உடட்டா?"

"இறுக்கி உடு தம்பி, மணலுக்குப் போகணும்."

அந்த ஒரு சுற்று எவ்வளவு அமுக்கத்தைக் கூட்டிற்று என்பது இறுக்கியவருக்கும் தெரியாது. இறுக்கச் சொன்னவருக்கும் தெரியாது. 150 ஆக இருந்தது 200 ஆகிவிட்டால், விசை மூன்றிலொரு பங்கு கூடும். ஜெக்கில் மாத்திரமன்றி, பம்பியின் உடலிலும், குழாய்களிலும், தூக்கு மூடியை இறுக்கிய ஆணிகளிலும், பெட்டியின் கீல்களிலும் அது கூடுகின்றது. ஆக்கியோன் வைத்த எல்லை, தொடரிலுள்ள மிக மெலிந்த உறுப்பைக் கருதி வைத்த எல்லையாகும். நாம் அவ்வெல்லையை அகற்றினால், மெலிந்த உறுப்பு எதுவென்பதை அது உடைந்த பின்னரே அறிய நேரும்.

பெட்டி தயங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் வால்வு அன்று. பெட்டியின் அடியிற் சாய்ந்து கிடக்கும் ஜெக்குக்கு முதற் சாண் உயரமே மிகக் கடினமானது; அப்போது அது மேல்நோக்கித் தள்ளுவதைவிட முன்பின்னாகத் தள்ளுவதே அதிகம். மணலை முன்பக்கத்தில் குவித்து ஏற்றினால் அக்கடினம் இரட்டிக்கும். கீல் பக்கமாகச் சற்றுக் கூடுதலாய் ஏற்றிப் பார்க்கலாம். ஆனால் மிகுதியாய்ப் பின்னே தள்ளினால் பெட்டியின் நுனி கிளம்பி இயந்திரத்தின் பின்பக்கத்தைத் தூக்கும் என்பதையும் மறத்தலாகாது. எண்ணெயின் அளவு, வடியின் அடைப்பு, குழாயில் நின்ற காற்று ஆகியவற்றைப் பின்னர் சோதிக்கலாம். இவை யாவும் சரியாயின் அமுக்கமானியைப் பூட்டி அளக்க வேண்டும். அமுக்கம் கைந்நூல் கூறும் அளவுக்குக் குறைவாக இருந்தால் பம்பி தேய்ந்துள்ளது, அல்லது காப்பு வால்வு பழுதுபட்டுள்ளது. அளவு சரியாக இருந்தால் ஏற்றிய பாரம் அதிகம். இரண்டிலும் திருகாணியை இறுக்குவது மருந்தன்று. அமுக்கமானி ஒன்று இல்லாதவர் காப்பு வால்வைத் தொடவே கூடாது என்பதை ஒரு விதியாகக் கொள்ளலாம்.

முன்புறத்தில் மண் அள்ளும் கையைப் பூட்டுவதைப்பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். அதனைச் சொந்தமாகப் பூட்ட முயலவேண்டாம். சிற்றியந்திரத்தின் எஞ்சினும் கியர்ப்பெட்டியும் வார்ப்பிரும்பு உடல்களாக ஒன்றோடொன்று ஆணியால் இணைக்கப்பட்டவை. அதற்கு மோட்டார் லொறியைப்போல் தனிச் சட்டம் கிடையாது. முன்னே தூக்கும் பாரத்தைப் பின்னச்சு வரையில் கொண்டுசெல்லும் நீண்ட சட்டங்கள் இல்லையேல், அந்த இணைப்பு ஒருநாள் விரிந்துவிடும். பின்புறத்தில் எதிர்ப்பாரம் இல்லையேல் முன்னச்சு நோகும்; சாய்ந்த நிலத்தில் இயந்திரமே புரளும். இவற்றின் அளவுகளை அந்த மாதிரிக்கென்றே கணித்தவர்களிடமிருந்து வாங்குவதே தகும்.

அப்படியாயின் எல்லாவற்றையும் முகவரிடம் விட்டுவிடலாமே என்பர் சிலர். முகவரிடம் கிடைப்பது மூன்று: அந்த மாதிரிக்கு உரிய பாகம், அதன் கைந்நூல், உத்தரவாதம். பிறர் கைபட்ட இயந்திரத்துக்குப் பொதுவாக உத்தரவாதத்தை மறுப்பார்கள். ஆகவே உத்தரவாதக் காலம் முடியாத புதிய இயந்திரத்தை வைத்திருப்போருக்கு நான் வேறு ஆலோசனை சொல்லேன். ஆனால், முகவரின் பெயர்ப்பலகை மாத்திரம் திருகாணியை இறுக்குவதில்லை. சிலவேளைகளில் அவர் வாங்கும் வேலையை வெளியே உள்ள ஒரு பட்டறைக்கே அனுப்புகின்றார். அங்கும் அமுக்கமானி இராமற்போகலாம். பணம் கொடுக்கு முன்னர், பூட்டுபவர் யார், பூட்டிய பின் அமுக்கத்தை அளப்பாரா, அளந்த எண்ணைத் தாளில் எழுதித் தருவாரா என்று கேட்டல் வேண்டும். முகஞ்சுளிப்பாராயின் வேறிடம் செல்லலாம். வாடிக்கையாளன் இவ்வாறு கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். டாக்குத்தரிடம் இரத்த அமுக்கம் எவ்வளவு என்று கேட்பது மரியாதைக் குறைவா?

பழைய இயந்திரம் உடையோருக்கு இடைவழி ஒன்று உண்டு. அதுவே நமது ஊருக்குப் பெரிதும் ஒத்தது என்பது என் துணிபு. வால்வையும் அதன் இணைப்பான்களையும் முகவரிடமிருந்தோ, அளவுகருவியுள்ள பட்டறையிடமிருந்தோ வாங்கி, அவர்களைக் கொண்டே பூட்டுவித்து, அமுக்கத்தை அளப்பித்துக்கொள்க. பெட்டியின் சட்டம், கீல், ஜெக்கின் தாங்கி, குழாய் ஓடும் வழி, கப்ளரின் தூசுமூடி ஆகிய மற்றவற்றை நாமே செய்துகொள்வோம். செலவில் பெரும்பகுதி இரும்பிலும் கூலியிலுமே இருப்பதால், மிச்சப்படுத்தத்தக்க இடமும் அதுவே. வேலையை உழவு முடிந்து, அறுவடைக்கு முன்னர் வரும் ஓய்வான வாரங்களில் வைத்துக்கொண்டால், முகவரிடமும் நெருக்கடி குறைவு. பட்டறையிலும் அவசரம் இராது.

பூட்டி முடிந்ததும் வெறும் பெட்டியைப் பலமுறை உயர்த்தித் தாழ்த்திக் காற்றை வெளியேற்றி, எண்ணெயின் அளவை மீண்டும் பார்த்து, பின்னர் அரைப்பாரம், அதன் பின்னரே முழுப்பாரம் என்று செல்லல் வேண்டும். பெட்டியை உயர்த்திய நிலையில் அதன் கீழே குனிந்து வேலை செய்வோருக்கு ஒரு சொல்: எண்ணெய் தூக்குவதற்கு உரியது, தாங்கி நிற்பதற்கு உரியதன்று. ஒரு சீல் விட்டுக்கொடுக்க ஒரு கணம் போதும். சட்டத்தோடு கீல் வைத்து இணைத்த இரும்புத் தாங்குகோல் ஒன்றைப் பெட்டி செய்யும் நாளிலேயே செய்துவிட வேண்டும். அதை நிமிர்த்தி வைத்த பின்னரே தலை உள்ளே போகலாம். வீட்டு வளவுகளில் மணல் கொட்டும்போது மேலே செல்லும் மின்கம்பிகளையும் பார்த்தல் வேண்டும். நிமிர்ந்த பெட்டியின் முன்நுனி எவ்வளவு உயரம் செல்கின்றது என்பதை ஓட்டுகின்ற பிள்ளைகளில் எத்தனை பேர் அளந்திருப்பர்?

கசிவு தேடும்போது நேரும் விபத்து ஒன்றை அறியாதவர் அநேகர். குழாயில் ஊசித்துவாரம் அளவு வெடிப்பு இருந்தால், அதன்வழி பாயும் எண்ணெய் கண்ணுக்குப் புகைபோலவே தெரியும். சிலவேளை தெரியவே தெரியாது. அதைக் கையால் தடவிப் பார்த்தால் எண்ணெய் தோலைத் துளைத்து விரலுக்குள் புகுந்துவிடும். காயம் முள் குத்தியதுபோல் மிகச் சிறிதாக இருக்கும். முதலில் வலியும் பெரிதாய் இராது. ஆதலால் துணியால் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள். சில மணி நேரத்துள் விரல் வீங்கி, உள்ளே தசை அழியத் தொடங்கும்; காலந் தாழ்த்தினால் விரலையோ கையையோ இழக்க நேரும். இத்தகைய காயம் பட்டவர் வீட்டு மருந்தைத் தேடாது உடனே வைத்தியசாலைக்குச் சென்று, முள் குத்தியது என்று சொல்லாமல், அமுக்கமுள்ள எண்ணெய் தோலுக்குள் புகுந்துவிட்டது என்று வைத்தியருக்குத் தெளிவாகச் சொல்லல் வேண்டும். அவ்வொரு வாக்கியம் சத்திரசிகிச்சையை விரைவுபடுத்தும். கசிவைத் தேடுவதற்கு ஒரு காட்போட் அட்டைத் துண்டு போதும். அட்டையில் எண்ணெய் படியும் இடமே கசியும் இடம். குழாயைக் கழற்றுவதற்கு முன் எஞ்சினை நிறுத்தி, பெட்டியைத் தாழ்த்தி, நெம்பை இருபுறமும் அசைத்து அமுக்கத்தை வெளியேற்றுவதும் வழக்கமாதல் வேண்டும்.

நமது ஊர் கடலோரத்தில் இருப்பதால் இன்னொரு கவனமும் வேண்டியுள்ளது. ஜெக்கின் தண்டு வெளியே நீண்டபடி இரவு முழுவதும் நின்றால், உப்புக்காற்றுப் பட்ட இடத்தில் பொட்டுப் பொட்டாகத் துரு குடியேறும்; அப்பொட்டுகள் சீலை அரித்துத் தின்னும். ஆகவே மாலையில் இயந்திரத்தை நிறுத்தும்போது பெட்டியைத் தாழ்த்தி, தண்டு முழுவதையும் உருளைக்குள் அனுப்பிவிட வேண்டும். உள்ளே போகாது வெளியில் நிற்கும் சிறுபகுதியை எண்ணெய் தோய்த்த துணியால் துடைத்துவிட்டால் போதுமானது. வாடைக்காற்று வீசும் மாதங்களில், கப்ளரின் தூசுமூடியையும் இட மறக்கலாகாது.